கட்சியை விட்டுப் போகாதே, கட்சியைப் பிடி!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"அதிருப்தியில் இருக்கும் அமெரிக்கப் பழமைவாதிகள் புதுக்கட்சி தொடங்க வேண்டுமா, குடியரசுக் கட்சிக்குள்ளேயே நின்று போராட வேண்டுமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், தொடங்கியே தீர வேண்டும் என்று மேஜையைத் தட்டிப் பேசினார். லிங்கனைத் துணைக்கு அழைத்தார், கனடாவை அழைத்தார், கடைசியில் நம் ராஜாஜியையும் விடவில்லை. அவையில் நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். அது அவர் பேச்சுக்கு. வாதத்துக்கு இனிமேல்தான் வரப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதிருப்தி நியாயமா, இல்லையா என்பதில் எங்களுக்குள் தகராறு கிடையாது. செலவைக் குறைப்போம் என்று ஓட்டு வாங்கிவிட்டுக் கடனை ஏற்றிக்கொண்டே போகிறார்களே என்று ஒருவருக்குக் கோபம். தடையற்ற வணிகம் பேசிய கட்சி இன்று இறக்குமதி வரி பேசுகிறதே என்று இன்னொருவருக்குக் கோபம். தலைவர் ஒருவரைச் சுற்றியே கட்சி நடக்கிறது என்று மூன்றாமவருக்கு. கோபப்பட உரிமை இருக்கிறது ஐயா. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்பதுதான் வழக்கு.

இந்த வழக்கு புதிதும் அல்ல. 1975-லேயே இதே கேள்வி இதே கட்சிக்காரர்கள் முன்னால் வந்து நின்றது. அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். பழமைவாதிகள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அதிபர் நிக்சன், 1971-ல் விலைக்கும் கூலிக்கும் அரசுக் கட்டுப்பாடு போட்டார். சந்தை தானே விலையை முடிவு செய்யட்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த வருடம் பெய்ஜிங் போய் மாவோவோடு கைகுலுக்கினார். அப்புறம் வாட்டர்கேட் ஊழல், ராஜினாமா. அவருக்குப் பின் வந்த ஃபோர்டு, துணை அதிபராக யாரைக் கொண்டுவந்தார்? கட்சியின் மிதவாத அணித் தலைவர் நெல்சன் ராக்ஃபெல்லரை. பழமைவாதிகள் யாரைக் கட்சிக்குள் பரம எதிரியாக நினைத்தார்களோ, அதே ஆளை. 1974 தேர்தலில் ஜனநாயகக் கட்சி கீழவையில் கூடுதலாக 49 இடங்களை அள்ளியது. எதிரணி நண்பர் இன்றைய நிலைமையைச் சொல்லிக் கண்கலங்கினாரே, அன்று அதைவிட மோசம்.

அப்போது வில்லியம் ரஷர் என்ற பத்திரிகையாளர் எழுந்தார். பழமைவாதிகளின் பிரபலமான இதழ் ஒன்றின் வெளியீட்டாளர். சாதாரண ஆள் இல்லை. 1964-ல் பேரி கோல்ட்வாட்டரை அதிபர் வேட்பாளராக்க அடிமட்டத்தில் வேலை பார்த்த குழுவில் ஒருவர். அவர் சொன்னார்: குடியரசுக் கட்சி தேறாது, புதுக்கட்சி வேண்டும். இந்தப் பக்கம் கலிஃபோர்னியா முன்னாள் கவர்னர் ரொனால்ட் ரீகனின் ஆதரவாளர்கள், அந்தப் பக்கம் ஜனநாயகக் கட்சியில் அதிருப்தியில் இருக்கும், அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸின் ஆதரவாளர்கள், இரண்டையும் கூட்டினால் பெரும்பான்மை. காகிதத்தில் கணக்கு கனகச்சிதம்! இதற்காக ஒரு புத்தகமே எழுதினார்.

எல்லோர் கண்ணும் ரீகன் மேல் திரும்பியது. 1975 தொடக்கத்தில் வாஷிங்டனில் பழமைவாதிகள் மாநாட்டில் ரீகன் மேடை ஏறினார். நமக்கு வேண்டியது மூன்றாவது கட்சியா, இல்லை புத்துயிர் பெற்ற இரண்டாவது கட்சியா என்று கேட்டார். வெளிறிய சாயங்கள் வேண்டாம், பளிச்சென்ற நிறங்களில் கொடி பிடிப்போம் என்றார். மாநாடு அதோடு விடவில்லை. மாற்று வழி என்ன என்று பார்க்க செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் தலைமையில் குழு எல்லாம் போட்டார்கள்.

இப்போது 1976-க்கு வாருங்கள். இரண்டு பேரும் இரண்டு வழியில் போகிறார்கள்.

ரஷர் போன வழியை முதலில் பார்ப்போம். 50 மாநிலங்களில் புதுக்கட்சியைப் பதிவு செய்து வாக்குச்சீட்டில் ஏற்றுவது நடக்கிற காரியமா? அதனால் 1968-ல் வாலஸ் போட்டியிட்ட பழைய கட்சி ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவரும் ரிச்சர்ட் விகெரி போன்ற நண்பர்களும் 1976 ஆகஸ்டில் சிகாகோ போனார்கள். கண்ணியமான ஒரு வேட்பாளரை நிறுத்தி, அந்தக் கட்சியைப் பெரிய பழமைவாதக் கட்சியாக மாற்றலாம் என்பது திட்டம். அங்கே கூடியிருந்தவர்கள் இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. யாரை வேட்பாளராக்கினார்கள் தெரியுமா? லெஸ்டர் மேடாக்ஸ்! ஜார்ஜியா மாநில முன்னாள் கவர்னர். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தபோது, அட்லாண்டாவில் தன் ஓட்டலுக்குச் சாப்பிட வந்த கறுப்பின மக்களைத் துப்பாக்கியையும் கோடரிக் காம்பையும் காட்டி விரட்டிய பேர்வழி.

நடுவர் அவர்களே, இது ஏதோ தற்செயலாக நடந்தது என்று எதிரணி சொல்லக்கூடும். இல்லை. புதுக்கட்சியின் முதல் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? பதவியில் இருப்பவர் வரமாட்டார், அவருக்கு இழக்க நிறைய இருக்கிறது. நிதி திரட்டத் தெரிந்தவர் வரமாட்டார். அடுத்த தேர்தலில் சீட்டு எதிர்பார்க்கும் திறமைசாலி இளைஞர் யோசிப்பார். யோசிக்காமல் முதல் வரிசையில் வந்து உட்கார்வது, வேறெந்தக் கட்சியும் சேர்த்துக்கொள்ளாதவர்கள்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆள் இல்லாமல் காத்திருக்கும் கட்சி, வந்தவரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மேடாக்ஸுக்கு அந்த நவம்பரில் விழுந்தது ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு. நாடு முழுவதற்கும் சேர்த்து!

ரீகன் என்ன செய்தார்? பதவியில் இருக்கும் அதிபரையே பிரைமரியில் எதிர்த்தார். பிரைமரி என்றால் வேட்பாளரைத் தலைமை நியமிப்பது இல்லை. மாநிலம் மாநிலமாக வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. நியூ ஹாம்ப்ஷயரில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். ஃபுளோரிடா தோல்வி, இல்லினாய் தோல்வி. பிரச்சாரக் குழு கடனில் மூழ்கியது. போட்டியிலிருந்து விலகச் சொல்லிக் கட்சிப் பெரியவர்கள் நெருக்கினார்கள். மார்ச் 23-ல் வட கரோலினாவில், அதே ஜெஸ்ஸி ஹெல்ம்ஸின் ஆட்கள் வீதி வீதியாக உழைத்து அவரைக் கரை சேர்த்தார்கள். மே மாதம் டெக்சாஸை மொத்தமாக வாரிக்கொண்டார். அங்கே பிரைமரியில் எந்தக் கட்சி ஆதரவாளரும் வந்து ஓட்டுப் போடலாம். யார் வந்தார்கள்? வாலஸுக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். ரஷர் தன் புதுக்கட்சிக்கு எந்தக் கூட்டத்தைக் கனவு கண்டாரோ அதே கூட்டம், புதுக்கட்சி இல்லாமலே, குடியரசுக் கட்சியின் வாக்குச்சாவடியில் வந்து வரிசையில் நின்றது!

ஆகஸ்டில் கான்சஸ் சிட்டி மாநாடு. ஃபோர்டுக்கு 1,187 பிரதிநிதிகள், ரீகனுக்கு 1,070. தோல்விதான். ஆனால் தோற்றவர் என்னென்ன சம்பாதித்தார் பாருங்கள். ராக்ஃபெல்லரைத் துணை அதிபர் இடத்திலிருந்து ஏற்கெனவே விலக்கிவிட்டார் ஃபோர்டு, ரீகன் பயம்தான். வெளியுறவுக் கொள்கை பற்றிய கட்சித் தீர்மானத்தில் ரீகன் ஆட்கள் எழுதிக் கொடுத்த பகுதி, அதிபரின் சொந்தக் கொள்கையையே குத்திக்காட்டும் பகுதி, அப்படியே நிறைவேறியது. கடைசி நாளில் ஏற்புரை முடித்த ஃபோர்டு, அரங்கில் உட்கார்ந்திருந்த ரீகனை மேடைக்கு வாருங்கள் என்று கையசைத்துக் கூப்பிட வேண்டியதாயிற்று. ரீகன் கையில் குறிப்பு எதுவும் இல்லை. நூறு ஆண்டு கழித்துத் திறக்கப்போகும் ஒரு பேழைக்குள் வைக்கத் தன்னிடம் கடிதம் கேட்டதைப் பற்றி, அதைப் படிக்கப்போகிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று சில நிமிடம் பேசினார். தப்பான ஆளை வேட்பாளராக்கிவிட்டோமோ என்று அங்கிருந்த பல பிரதிநிதிகளுக்கே தோன்றிவிட்டது.

நான்கே வருடம். 1980-ல் ரீகனுக்கு 44 மாநிலங்கள், 489 எலக்டோரல் ஓட்டு (அதிபரை முடிவு செய்யும் மாநிலவாரி ஓட்டு), கட்சிக்குச் செனட்டும் கையில். அந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சியை விட்டு வெளியே போனவர் ஒருவர் உண்டு. ஜான் ஆண்டர்சன் என்ற மிதவாதி. 6.6 சதவீத ஓட்டு வாங்கினார். எலக்டோரல் ஓட்டு பூஜ்யம்.

எதிரணி நண்பர் நம் ஊரைச் சொன்னார். எம்.ஜி.ஆர். 1972-ல் தனிக்கட்சி கண்டு ஐந்தே வருடத்தில் ஆட்சியைப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். ஐயா, எம்.ஜி.ஆர். போனாரா, அனுப்பப்பட்டாரா? நம் கட்சிகளில் 'அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார்' என்று ஒரு அறிக்கை வந்தால் கதை முடிந்தது. அந்த மனிதர் எங்கே போவார்? அமெரிக்காவில் அந்த அறிக்கையை எழுத ஆளே கிடையாது. குடியரசுக் கட்சித் தலைமை முழுக்க ஒன்றுகூடி எதிர்த்தாலும், ஒருவர் பிரைமரியில் பெயர் கொடுப்பதைத் தடுப்பது அநேகமாக முடியாத காரியம். வாக்காளர் ஏற்றுக்கொண்டால் அவர்தான் வேட்பாளர். 2014 ஜூனில் வர்ஜீனியாவில் எரிக் கான்டர், கீழவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர், டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் மண்ணைக் கவ்வினார். அந்தப் பதவியில் இருந்த ஒருவர் பிரைமரியில் தோற்றது அதுவே முதல் தடவை. தலைமையைத் தலைகீழாகக் கவிழ்க்கும் வழி சட்டத்திலேயே இருக்கும்போது, அதைவிட்டு வெளியே ஓடுவானேன்?

வெளியே போனால் என்ன ஆகும்? 48 மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் எலக்டோரல் ஓட்டு அத்தனையும். இரண்டாவதாக வந்தாலும் ஒன்றுமில்லை, மூன்றாவதாக வந்தாலும் ஒன்றுமில்லை. 1992-ல் ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் 1 கோடியே 97 லட்சம் ஓட்டு வாங்கினார், கிட்டத்தட்ட 19 சதவீதம். கிடைத்த எலக்டோரல் ஓட்டு? நண்பரே, நீங்களே சொல்லுங்கள். பூஜ்யம். அப்படியே அதிர்ஷ்டம் அடித்து மூவரில் யாருக்கும் பெரும்பான்மையான 270 எலக்டோரல் ஓட்டு வரவில்லை என்றால், முடிவு கீழவைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அந்த அவையில் புதுக்கட்சிக்கு எத்தனை உறுப்பினர் இருப்பார்கள்?

ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். 1912-ல் அந்தக் கூத்தாடியின் பெயர் உட்ரோ வில்சன், ஜனநாயகக் கட்சி வேட்பாளர். குடியரசுக் கட்சியை விட்டுத் தியோடர் ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். அவர் பழமைவாதி அல்ல, சீர்திருத்தக்காரர் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கணக்குக்குக் கொள்கை தெரியாதே! அதிபராக இருந்தவர், தேசமே கொண்டாடிய வீரர். மில்வாக்கியில் ஒருவன் நெஞ்சில் சுட்டான். சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த 50 பக்கப் பேச்சும் கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைத் தணித்தன. மருத்துவமனைக்குப் போகாமல் ரத்தம் கசியக் கசிய ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் இறங்கினார். இதைவிடப் பெரிய வேட்பாளர் எந்தப் புதுக்கட்சிக்குக் கிடைப்பார்? ரூஸ்வெல்ட்டுக்கு 27 சதவீதம், குடியரசுக் கட்சி வேட்பாளரான அதிபர் டாஃப்டுக்கு 23. இரண்டும் சேர்ந்தால் ஐம்பது. 42 சதவீதம்கூட முழுசாக வாங்காத வில்சன் 435 எலக்டோரல் ஓட்டோடு வெள்ளை மாளிகைக்குப் போனார்.

சரி, லிங்கனுக்கு வருகிறேன். குடியரசுக் கட்சியே 1854-ல் ஒரு புதுக்கட்சிதானே என்று கேட்டார் எதிரணித் தலைவர். உண்மை. நல்ல கேள்வியும்கூட. ஆனால் அதற்கு முன் ஜனநாயகக் கட்சிக்கு எதிரே நின்ற பெரிய கட்சியான விக் கட்சி அன்று என்ன நிலையில் இருந்தது? 1852-ல் அதன் அதிபர் வேட்பாளர் வென்றது நான்கே மாநிலம். அடிமை முறைப் பிரச்சினையில் வடக்கும் தெற்குமாகப் பிளந்து, புதிய பகுதிகளில் அடிமை முறைக்குக் கதவு திறந்த கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் வந்ததும் குலைந்துபோனது. பழைய கட்சி செத்த பிறகு பிறந்த கட்சி அது. லிங்கனேகூட விக் கட்சியைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்து, இனி அது எழாது என்று தெரிந்த பிறகு 1856-ல்தான் புதுக்கட்சியில் முழுசாக இறங்கினார். இன்றைய குடியரசுக் கட்சி செத்துவிட்டதா? உங்களுக்குப் பிடிக்காத வழியில் போகிறது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அது உயிரோடுதான் இருக்கிறது; 2024 அதிபர் தேர்தலில் ஏழரைக் கோடிக்கு மேல் ஓட்டு வாங்கியது.

கனடா விஷயம்தான் எதிரணியின் பிரம்மாஸ்திரம். அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1987-ல் பிரெஸ்டன் மேனிங், ஆளும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி மேற்கு மாகாணங்களைக் கண்டுகொள்வதில்லை என்று சொல்லி ரிஃபார்ம் கட்சி தொடங்கினார். 1993 தேர்தலில் ரிஃபார்முக்கு 52 இடம். எதிரணி நண்பர் இந்த இடத்தில்தான் கைதட்டல் வாங்கினார். அதற்கு அடுத்த வரியை அவர் படிக்கவில்லை. ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்கு எத்தனை இடம்? இரண்டு. இரண்டே இரண்டு! லிபரல் கட்சிக்கு 177. பழமைவாதக் கட்சிகள் இரண்டுமாகச் சேர்ந்து வாங்கிய ஓட்டு 35 சதவீதத்தை ஒட்டி. அதனால் என்ன பயன்? ஒன்டாரியோ மாகாணத்தில் 99 தொகுதியில் 98 லிபரலுக்கு. 1997-ல் 103-க்கு 101. 2000-ல் 103-க்கு 100. மூன்று தேர்தல் வரிசையாக லிபரல் தலைவர் ழான் கிரெட்டியன் உட்கார்ந்த இடத்தில் ஜெயித்தார். கடைசியில் என்ன செய்தார்கள்? 2003 டிசம்பரில் பிரிந்தவர்களும் பிரியாதவர்களும் ஒரே கட்சியானார்கள். 2006-ல் ஸ்டீபன் ஹார்ப்பர் பிரதமர். இணைந்ததால் வந்த வெற்றியைப் பிரிந்ததன் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? இடையில் போன 13 வருடத்துக்கு யார் பொறுப்பு? ஹார்ப்பர் ரிஃபார்மில் வளர்ந்தவர், அதனால் ரிஃபார்ம்தான் வென்றது என்று அடுத்த பேச்சாளர் சொல்வார். சொல்லட்டும். கனடாவில் பிரைமரி கிடையாது. கட்சிக்குள் தலைமையை அடிமட்டத்திலிருந்து கவிழ்க்க மேனிங்குக்கு வழி குறைவு. அமெரிக்கருக்கு அந்தச் சாக்கும் இல்லை.

பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போட்டியாக வந்த ரிஃபார்ம் யூகே கட்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024-ல் 14 சதவீத ஓட்டுக்கு 5 இடம் என்பது வரைக்கும்தான் நான் சாட்சியமாக எடுத்துக்கொள்வேன்.

ராஜாஜி. அந்தப் பெரியவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. கூட்டுப் பண்ணை பேசிய காங்கிரஸை எதிர்த்து, 80 வயதில், 1959-ல் சுதந்திராக் கட்சி கண்டார். 1967-ல் மக்களவையில் 44 இடம். சென்னை மாகாணத்தில் அண்ணாவோடு கூட்டு வைத்துக் காங்கிரஸை வீழ்த்தவும் செய்தார். ஆனால் அந்தக் கட்சி கேட்டது என்ன? அரசின் பிடி தளர வேண்டும் என்பது. நடந்தது என்ன? 44 உறுப்பினர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, 1969-ல் 14 வங்கிகள் தேசியமயமாயின. 1971-ல் 44 எட்டாகச் சுருங்கியது. 1974-ல் கட்சியே வேறொன்றில் கரைந்தது.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் 1962-ல் தொடங்கிய கன்சர்வேட்டிவ் கட்சி, 1970-ல் ஜேம்ஸ் பக்லி என்பவரை செனட்டுக்கே அனுப்பியது. பக்லி அந்தக் கட்சி வேட்பாளராகவே வென்றார். ஆனால் அந்தக் கட்சி பிழைத்து நிற்பதற்கு, அங்கே ஒரே வேட்பாளரை இரண்டு கட்சி சேர்ந்து நிறுத்தலாம், ஓட்டைக் கூட்டிக்கொள்ளலாம் என்று தனிச் சட்டம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அது இல்லை. வாஷிங்டன் போன பக்லியும் குடியரசுக் கட்சி பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

இன்றைய நிலைக்கு வருவோம். ட்ரம்பை எதிர்த்த குடியரசுக் கட்சிக் கீழவை உறுப்பினர் லிஸ் செனியைப் பாருங்கள், உள்ளே நின்று போராடி என்ன கண்டார், 2022 பிரைமரியில் 29 சதவீதம்தானே என்றார்கள். ஆமாம், வயோமிங்கில் தோற்றார். அதே ஆண்டு ஜார்ஜியாவில் என்ன நடந்தது? கவர்னர் பிரையன் கெம்ப்பைத் தோற்கடித்தே தீருவேன் என்று ட்ரம்ப் ஒரு முன்னாள் செனட்டரை இறக்கினார். கெம்ப் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். கெம்ப் கட்சியை விட்டுப் போகவும் இல்லை, பணியவும் இல்லை. செனிக்குச் சொந்தக் கட்சிக்காரர்களிடமே 29 சதவீதம் என்றால், புதுக்கட்சிக்கு மீதி ஓட்டு எங்கிருந்து வரும்? 2016-ல் இவான் மக்மல்லின் அதைத்தான் முயன்றார். ட்ரம்ப் பிடிக்காத பழமைவாதிகளுக்காகத் தனியாக நின்றார். சொந்த மாநிலமான யூட்டாவில் 21 சதவீதம் வாங்கினார், நாடு முழுக்கப் பார்த்தால் அரை சதவீதம்.

ட்ரம்ப் பேச்சை எடுத்தது நல்லதாயிற்று. இந்த மனிதரின் அரசியலை ஆதரியுங்கள், எதிர்த்துத் திட்டுங்கள், எனக்குக் கவலை இல்லை. அவர் போன வழியை மட்டும் பாருங்கள். 1999-ல் பெரோ அமெரிக்காவில் தொடங்கிய ரிஃபார்ம் கட்சியில் சேர்ந்து, அதிபர் வேட்பாளராகலாமா என்று நோட்டம் பார்த்தார். சில மாதத்தில் தேறாது என்று விலகினார். அந்த இடத்தைப் பிடித்தவர் பாட் புக்கானன். இதே புக்கானன் 1996-ல் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் நியூ ஹாம்ப்ஷயரை வென்று தலைமையைக் கதிகலங்க வைத்தவர். 2000-ல் வெளியே போய் நின்றார். 0.4 சதவீதம்! இறக்குமதியைக் கட்டுப்படுத்து, குடியேற்றத்தை நிறுத்து, அயல்நாட்டுப் போர் வேண்டாம் என்று அவர் பேசிய அதே சரக்கை, 2015-ல் ட்ரம்ப் குடியரசுக் கட்சிப் பிரைமரிக்குள் கொண்டுவந்தார். ஜெப் புஷ் முதல் கட்சியின் பெரிய மனிதர்கள் வரிசையாக வீழ்ந்தார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டது, நடுவர் முறைக்கிறார். ஒரு நிமிடம் ஐயா. எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு மூன்று கேள்வி. புதுக்கட்சி முதலில் ஜெயிக்கப்போகும் மாநிலம் எது, பெயர் சொல்ல வேண்டும். அதன் முதல் மாநாட்டில் லெஸ்டர் மேடாக்ஸ் மாதிரி ஒருவர் வந்து வாசலில் நின்றால், அவரை வெளியே அனுப்பும் அதிகாரம் யாருக்கு? அப்புறம் கடைசியாக, 1976-ல் ரீகன் உங்கள் பேச்சைக் கேட்டு ரஷரோடு சிகாகோ போயிருந்தால், 1980-ல் அதிபர் யார்?

நன்றி, வணக்கம்.